மெர்குரி: ஜாவா கிரேடில் மட்டும் ‘கிளாஸ் (clause) இல்லை’ என்கிறது

கேள்வி:
மெர்குரி நிரல்மொழியில், கோப்பைப் பூட்டும் பிரெடிகேட் (செயல்கூறு) ஒன்றை, வேறு மொழியில் எழுத உதவும் ஃபாரின்_ப்ராக் மூலம் சி-யில் எழுதியிருக்கிறேன். சி-யாக மாற்றும் எச்எல்சி.ஜிசி கிரேடில் (கம்பைல் அமைப்பில்) சுத்தமாக கம்பைல் ஆகிறது. ஜாவா கிரேடுக்கு மாற்றினால் அதே பிரெடிகேட்டுக்கு கிளாஸே (அதை வரையறுக்கும் மெர்குரி விதி; ஜாவாவின் class அல்ல) இல்லை என்று நின்றுவிடுகிறது. ஜாவா பகுதியை அடுத்த மாதம்தான் எழுத முடியும். எச்சரிக்கையோடு விட்டுவிட வழி உண்டா?

பதில் 1:
உண்டு. கம்பைலருக்கு --அலவ்-ஸ்டப்ஸ் ஆப்ஷனைக் கொடுங்கள். எச்சரித்துவிட்டு கம்பைல் செய்யும். ஓடும்போது யாராவது அதை அழைத்தால் எக்செப்ஷன் எழும். எச்சரிக்கையை அணைக்கும் --நோ-வார்ன்-ஸ்டப்ஸ் மட்டும் சேர்க்காதீர்கள். எது பாக்கி என்று காட்டுவதே அந்த எச்சரிக்கைதான்.

பதில் 2:
மெர்குரியிலேயே ஒரு கிளாஸ் எழுதலாம். அந்த பேக்எண்டுக்கு (இலக்கு மொழிக்கு) ஃபாரின்_ப்ராக் இல்லாதபோது கம்பைலர் அதை எடுத்துக்கொள்ளும். ஆனால் பூட்டு விஷயத்தில் எனக்கு இது பிடிக்கவில்லை. எதுவும் செய்யாத கிளாஸை வைத்தால் கம்பைலர் வாயே திறக்காது, பூட்டாத கோப்பில் இரண்டு ப்ராசஸ் எழுதும். வைத்தே ஆக வேண்டுமென்றால் ரிக்வயர் மாட்யூலில் உள்ள, ‘இன்னும் எழுதவில்லை’ என்று எக்செப்ஷன் எழுப்பும் சாரி-யை அழையுங்கள், அங்கேயே நின்றுவிடும்.

கேட்டவர்:
சரி, --அலவ்-ஸ்டப்ஸ் போடுகிறேன், அந்த மாட்யூலுக்கு மட்டும். மற்றவற்றில் கிளாஸ் விடுபட்டால் எரராகவே வரட்டும். இருவருக்கும் நன்றி.