சுகர் இருக்குற அம்மாவுக்கு கொரியன் அக்குபிரஷர் அமுக்கிவிடலாமா?

பாம்பன்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ஊரு பாம்பன், வேலை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரியன் கம்பெனில, மாசம் ஒருவாட்டி ஊருக்கு வருவேன். அம்மாவுக்கு 67 வயசு. முப்பது வருஷத்துக்கு மேல பாசி எடுக்கப் போனவுக, கடல் வத்துற நேரம் பாத்து இறங்கி விரல்ல துணியச் சுத்திக்கிட்டு முங்கி முங்கி பாறையில பாசி புடுங்குறது. இப்ப போறதில்ல. முட்டி ரெண்டும் போச்சு, ராத்திரி கெண்டக்கால் இழுத்துப் புடிக்குதுண்டு எந்திரிச்சு உக்காந்துக்கிறாக, பாதம் மரத்துப்போன மாதிரி இருக்குங்கிறாக. சுகர் 12 வருஷமா இருக்கு. அப்பாவுக்கு 72, போட்டுல போனவர், வலது தோள் மேல தூக்க முடியல. ஹார்ட்டுக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறார்.

போன மாசம் கேன்டீன்ல எதையோ தின்னுட்டு வயிறு கல்லு மாதிரி ஆயி நான் சுருண்டு உக்காந்திருந்தேன். எங்க கொரியன் மேனேஜர் வந்தார், ஒண்ணும் கேக்கல, என் கையப் புடிச்சு கட்டவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்குற சதையில அவரு கட்டவிரல வச்சு ஒரு அமுக்கு அமுக்குனார் பாருங்க, உயிரே போயிருச்சு. விட்டு விட்டு அமுக்கிக்கிட்டே இருந்தார், கொஞ்ச நேரத்துல நாலு ஏப்பம். அந்த இடத்துக்குப் பேரு ஹப்கோக்காம், அவுக ஊர்ல செரிக்கலைன்னா வீட்டுல மொதல்ல அதத்தான் அமுக்குவாங்களாம். அவரோட பாட்டி ஜெஜு தீவாம், அங்கயும் பொம்பளைங்க ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாம மூச்சடக்கி முங்கித்தான் சங்கு, பாசி எல்லாம் எடுப்பாங்களாம், அவுகளுக்கு ஹேன்யோன்னு பேரு. நான் எங்கம்மா போட்டோவக் காட்டினேன், ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தார். காலுக்கும் ரெண்டு மூணு இடம் சொல்லிக் குடுத்தார். அத அம்மாவுக்குப் பண்ணலாமா? யாராச்சும் வீட்டுல பண்ணியிருக்கீங்களா? சனிக்கிழம ஊருக்குப் போறேன்.

தொண்டி மாமா:
தம்பி, ஆத்தா காலப் புடிச்சுவிட கொரியாக்காரன்ட்ட டியூஷன் போகணுமாக்கும். நம்மகிட்ட வர்மம் இல்லியா? எங்க அப்பத்தா என்னைய முதுகுல ஏறி மிதிடான்னு சொல்லும், நல்லெண்ணெயச் சூடு பண்ணித் தேச்சு மிதிச்சா அரைமணி நேரத்துல எந்திரிச்சு மீன் ஆயப் போயிரும். பேசாம அதச் செய்யி.

கீழக்கரை பொண்ணு:
அஸ்ஸலாமு அலைக்கும். மாமா கோவிச்சுக்காதீங்க, நல்லது எங்கிட்டிருந்து வந்தா என்ன. எங்க உம்மாவுக்கு நான் ரெண்டு வருஷமா பண்றேன், சென்னையில இருந்தப்ப ஒரு அக்குபங்சர் டாக்டரம்மா சொல்லிக்குடுத்தது. இதே இடங்கதான், சீனாக்காரங்க ஒரு பேரு, கொரியாக்காரங்க ஒரு பேரு சொல்றாங்க. கொரியால அவங்க பாரம்பரிய வைத்தியத்துக்குன்னே தனி டாக்டர் படிப்பு 6 வருஷம் இருக்கு. அங்க ஹோ ஜுன்னு ஒரு அரண்மனை வைத்தியர் 1610லயே வைத்தியம் முழுசையும் பெரிய புஸ்தகமா தொகுத்து முடிச்சிருக்காரு, இது நேத்து வந்த யூட்டியூப் சமாச்சாரம் இல்ல.

முட்டிக்குன்னா ஜோக்சம்னி. முட்டிச்சில்லுக்குக் கீழ நாலு விரல் அகலம் வச்சு, முன்னங்கால் எலும்புல இருந்து வெளிப்பக்கமா ஒரு விரல் தள்ளுனா ஒரு பள்ளம் தட்டுப்படும். முக்கியமா, அளக்குற விரல் உம்மாவோடதா இருக்கணும், நம்ம விரல் இல்ல. நான் மொத மாசம் பூரா என் விரல்லயே அளந்து தப்பான எடத்துல அமுக்கிக்கிட்டிருந்தேன், உம்மாவும் பாவம் நல்லாருக்கு நல்லாருக்குன்னே சொல்லிக்கிட்டிருந்துச்சு. பேருக்கு அர்த்தம் கால், மூணு ரி. ரிங்கிறது அந்தக் காலத்து தூரக் கணக்கு, 10 ரி கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர். நடந்து ஓஞ்சவன் அங்க அமுக்கிக்கிட்டா இன்னும் மூணு ரி நடப்பான்னு ஒரு கதை. எங்க உம்மா கடைத்தெரு வரைக்கும் நடந்தா அதே போதும்.

இன்னொண்ணு நேக்வன், உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு ரேகைல இருந்து மூணு விரல் மேல, ரெண்டு நரம்பு கயிறு மாதிரி ஓடும்ல அதுக்கு நடுவுல. குமட்டலுக்கு. கடல் மயக்கத்துக்குக் கையில பட்டன் வச்ச பட்டை விக்கிறாங்களே, அது அமுக்குறதும் இதே எடம்தான். அஞ்சு எண்ணுற வரைக்கும் அமுக்கி மெதுவா விடணும், ஒரு எடத்துக்கு ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம், மொத்தம் கால்மணி நேரம் தாண்டக்கூடாது. நகத்த வெட்டிட்டு உக்காருங்க. சாப்ட்ட உடனே வேணாம். அப்புறம் ஒங்க தங்கச்சியோ சம்சாரமோ மாசமா இருந்தா அந்த ஹப்கோக்க அவங்களுக்கு அமுக்காதீங்க.

ராம்நாடு பிசியோ:
நான் பிசியோதெரபிஸ்ட், கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். மொதல்ல மாமாவுக்கு: வயசானவங்க முதுகுல யாரும் ஏறி மிதிக்காதீங்க. எலும்பு தேஞ்சவங்களுக்கு முதுகெலும்பு அமுங்கி உடையிறது சாதாரணமா நடக்குது.

பாம்பன் தம்பி, நீங்க எழுதுனதுல என்னைய நிறுத்துனது முட்டி இல்ல, பாதம் மரத்துப்போச்சுன்னு சொன்னீங்களே அது. 12 வருஷ சுகர்னா நரம்பு அடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம். வலிச்சா சொல்லுங்கம்மான்னு சொல்லி அமுக்குவீங்க, அவங்களுக்கு வலியே தெரியாது, நீங்க இன்னும் அமுக்குவீங்க. அதனால தொடுறதுக்கு முன்னாடி நல்ல வெளிச்சத்துல பாதத்தப் பாருங்க, விரல் இடுக்கு, குதிங்கால், அடிப்பாதம் எல்லாம். புண்ணு, கொப்புளம், நிறம் மாறுன எடம் இருந்தா கை வைக்காம ஆஸ்பத்திரி. சுடுதண்ணி ஒத்தடம், ஹீட்டிங் பேடு பாதத்துக்கு வேண்டவே வேண்டாம், வெந்தாலும் தெரியாது. ஒரு கால் கெண்டை மட்டும் வீங்கி சூடா வலிச்சா உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம், அதத் தேச்சுவிட்டா கட்டி நுரையீரலுக்குப் போயிரும், விளையாட்டில்ல. நரம்பு சுருட்டிக்கிட்ட எடத்துல அமுக்காதீங்க. அப்பா மாத்திரை விஷயத்த அவரு டாக்டர்ட்ட சொல்லிருங்க, அழுத்திப் புடிச்சா கன்னிப்போகும், லேசா தடவுறதோட நிறுத்திக்கங்க.

இதெல்லாம் பலிக்குமான்னா, ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற வாந்திக்கு அந்த மணிக்கட்டு எடம் உதவுதுன்னு ஆராய்ச்சி நிறைய இருக்கு. முட்டி வலிக்கு கொஞ்சம் ஆறுதல் கிடைக்கலாம், தேஞ்ச மூட்டு திரும்ப வளராது. தொடை முன்பக்க தசைக்குப் பயிற்சி குடுக்காம அமுக்க மட்டும் செஞ்சா பாதி வேலைதான். நாற்காலில உக்காந்து கால நீட்டி பத்து எண்ணிட்டு இறக்கச் சொல்லுங்க.

தொண்டி மாமா:
சரிய்யா, மிதிக்க மாட்டோம். எனக்கே 61 ஆச்சு, இனி என்னையத்தான் எவனாச்சும் மிதிக்கணும்.

பாம்பன்காரன்:
ஊருக்குப் போயிட்டு வந்து எழுதுறேன், லேட்டானதுக்கு மன்னிக்கணும். பிசியோ அண்ணே, நீங்க சொன்னபடி வாசப்படியில அம்மாவ உக்காரவச்சு, காலக் கழுவி, செல்போன் டார்ச் அடிச்சுப் பாத்தேன். காலக் குடுக்கவே மாட்டேண்டாக, பெத்த புள்ள காலத் தொடக்கூடாதாம், இழுத்து இழுத்து வச்சுக்கிட்டாக. எடது பாதத்துல சுண்டுவிரலுக்குக் கீழ கட்டிப்போன தோலுக்குள்ள ஒரு கருப்புப் புள்ளி, சுத்தி ஈரம். என்னம்மா இதுண்டு கேட்டா, எது? அப்டிங்கிறாக. நான் விரல வச்சுக் காட்டுறேன், நான் தொடுறதே தெரியல. அவ்ளோதான், அக்குபிரஷர் எல்லாம் ஓரங்கட்டிட்டு திங்கக்கிழம காலைல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். தோல வெட்டி எடுத்தா உள்ள சிப்பி ஓடு, அரிசியில பாதி இருக்கும். எப்ப ஏறுனதுண்டு அவுகளுக்கே தெரியல, கடலுக்குப் போறத விட்டே எட்டு மாசம் ஆச்சு, கரையில நடந்தப்ப குத்தியிருக்கணும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாத்தணும், செருப்பில்லாம வாசல்கூட தாண்டக்கூடாதுண்டுட்டாங்க. லீவ ஒரு வாரம் நீட்டிட்டேன்.

கால்ல புண்ணு ஆறுற வரைக்கும் கை மட்டும் பண்றேன். அந்தக் கை இருக்கே, விரல் நுனியெல்லாம் தோலு தேங்கா ஓடு மாதிரி, என் கட்டவிரல் வழுக்கிக்கிட்டுப் போகுது. மொத நாள் வலிக்கிறது காலு, நீ ஏண்டா கையப் புடிக்கிறண்டு ஏசுனாக. ரெண்டாவது நாள் அமுக்கிக்கிட்டிருக்கும்போதே தூங்கிட்டாக. நேத்து ராத்திரி சோறு தின்னு ஒரு மணி நேரம் ஆகட்டும்னு நான் டிவி பாத்துக்கிட்டிருந்தா, அம்மா பக்கத்துல வந்து உக்காந்து கைய நீட்டிட்டாக. அப்பா அங்கிட்டுத் திரும்பி டிவியப் பாத்தபடியே சட்டைய மட்டும் தோள்ல இருந்து இறக்கி விட்டாரு.

கீழக்கரை லாத்தா, தோளுக்கு லேசா தடவுறதுன்னா எங்கிருந்து எங்கிட்டுத் தடவணும்?