எடைமேடை ரசீது வரியைப் பிரிக்க: ரெகெக்ஸா, ஸ்ப்ளிட்டா?

மீனாட்சிபுரம்_கோடர்:
தேங்காய் லோடுக்கு கோபாலபுரம் பக்கத்து எடைமேடை மென்பொருள் தர்ற வரி இப்படித்தான்:

0417|05-03-2024 18:40|தேங்காய்|12,480|4,360|8,120||

ரசீது எண், நேரம், சரக்கு, மொத்த எடை, காலி வண்டி எடை, நிகர எடை, குறிப்பு, ஓட்டுநர் போன். கடைசி ரெண்டும் பெரும்பாலும் காலி. ஜாவாவுல இதை ஒரே ரெகெக்ஸ்ல (எழுத்து வரிசை எப்படி இருக்கணும்னு சொல்ற வடிவ விதி), ஒவ்வொரு புலத்துக்கும் பெயர் வச்ச குரூப்களோட பிரிக்கிறதுதான் சுத்தம். பெயர் வச்ச குரூப் ஜாவா 7-லயே வந்துடுச்சு. தப்பான வரி உள்ளேயே நுழையாது.

கொழிஞ்சாம்பாறை:
நுழையாதுங்க, ஆனா ஏன் நுழையலைன்னும் சொல்லாது. வரி வடிவத்துக்குப் பொருந்துதான்னு பார்க்கற மேட்சஸ் ‘ஃபால்ஸ்’னு கையை விரிச்சிடும். எட்டுல எது கெட்டதுன்னு யார் தேடறது? ஸ்ப்ளிட்("\\|", -1) போடுங்க, வரியை | குறியில துண்டாக்கும். நீளம் 8 இல்லைன்னா வரி எண்ணோட எக்ஸப்ஷன் (பிழை அறிவிப்பு). அப்புறம் புலம் புலமா சோதிச்சுக்கலாம்.

மீனாட்சிபுரம்_கோடர்:
ஸ்ப்ளிட் வாங்கறதும் ரெகெக்ஸ்தானே அண்ணா? பேக்ஸ்லாஷை மறந்து ஸ்ப்ளிட்("|") எழுதினா எழுத்து எழுத்தா நறுக்கிடும். -1 விட்டுப்போனா அது இன்னும் மோசம்: வால்ல இருக்கிற காலிப் புலங்களைக் கழிச்சிட்டு 6 துண்டுதான் தரும். போன் எண் இருக்கிற வரியில 8 சரியா வரும், அதனால டெஸ்ட்ல மாட்டாது.

ஆனைமலை_ஆதி:
ரெண்டும் எதுக்கு? ஒவ்வொரு புலத்துக்கும் நிலையான அகலம் வச்சு சப்ஸ்ட்ரிங்ல (இத்தனாவது எழுத்துலேர்ந்து இத்தனாவது வரைன்னு) வெட்டிடலாமே.

கொழிஞ்சாம்பாறை:
சரக்கு தமிழ்ல இருக்குங்க தம்பி. ‘தேங்காய்’ கண்ணுக்கு 4 எழுத்து, லெங்த் கேட்டா 8. தே, ங், கா, ய் ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டு. எழுத்தைச் சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையில 24 பைட். அனுப்பறவர் எதைக் கணக்கா வச்சு இடம் நிரப்பினார்னு தெரியாம வெட்டினா எடை நடுவுல கத்தி விழும்.

கோடர் தம்பிக்கு: 31-02-2024 உங்க ரெகெக்ஸ்ல தாராளமா பாஸ் ஆகும். ஜாவாவோட பழைய தேதி கிளாஸ் சிம்பிள்டேட்ஃபார்மேட் அதை மார்ச் 2 ஆக்கிடும். புது கிளாஸ் டேட்டைம்ஃபார்மேட்டர் வழக்கமான நிலையில பிப்ரவரி 29-னு இழுத்துப் பிடிக்கும். ஸ்ட்ரிக்ட் (கறார்) நிலை வைங்க, வச்சா தேதி வடிவத்துல வருஷத்துக்கு நாலு ஒய் (yyyy) ஆகாது, நாலு யு (uuuu) வேணும்.

மீனாட்சிபுரம்_கோடர்:
தேதிக்கு சரி. எண்ணுக்கு? எழுத்தை முழு எண்ணாக்கற இன்டிஜர்.பார்ஸ்இன்ட் "12,480"-ஐப் பார்த்ததும் வெடிக்கும். நம்பர்ஃபார்மேட் அதுக்கு நேர் எதிர்: "8,120கி" வந்தாலும் 8120 எடுத்துட்டு மிச்சத்தைக் கண்டுக்காது. ரெகெக்ஸ்தான் காவல்.

கொழிஞ்சாம்பாறை:
அந்தப் புலத்துக்கு மட்டும் சின்ன ரெகெக்ஸ், பேட்டர்னை ஸ்டாட்டிக் ஃபைனலா (கிளாஸுக்கு ஒண்ணே ஒண்ணா) ஒருதடவை கம்பைல் பண்ணி. அப்புறம் கமாவை எடுத்துட்டு பார்ஸ்இன்ட். ஸ்ட்ரிங்.மேட்சஸ் ஒவ்வொரு வரிக்கும் திரும்பக் கம்பைல் பண்ணும், அது வீண். ரசீது எண்ணை மட்டும் ஸ்ட்ரிங்காவே விடுங்க: பார்ஸ்இன்ட் முன்சுழியைத் தின்னுடும், இன்டிஜர்.டீகோட் அதை எண்மமா (8 அடிமான எண்ணா) எடுத்து 271 தரும்.

இதெல்லாம் ‘ரசீது’ கிளாஸோட ஃபேக்டரி மெத்தடுக்குள்ள (ரசீதை உருவாக்கித் தர்ற மெத்தட்) இருக்கணும். 12,480 − 4,360 = 8,120 வருதான்னு கன்ஸ்ட்ரக்டர் பார்க்கட்டும். கழித்தல் கணக்கு ரெகெக்ஸுக்கு வராதுங்களே.

மீனாட்சிபுரம்_கோடர்:
கழித்தல் கிளாஸ் வேலைன்னு ஒத்துக்கறேன். வடிவம் பார்க்கறது ரெகெக்ஸ் வேலைதான்.

ஆனைமலை_ஆதி:
ஃபைலோட முதல் ரசீது மட்டும் ரெண்டு வழியிலயும் தோத்துப்போகுதே?

கொழிஞ்சாம்பாறை:
முன்னாடி பிஓஎம் (ஃபைல் தொடக்கத்துல வர்ற, கண்ணுக்குத் தெரியாத குறி) ஒட்டியிருக்கும். ஓர இடைவெளியை நீக்கற ட்ரிம், ஸ்ட்ரிப் ரெண்டும் அதை எடுக்காது; வரி உடையாத இடைவெளியான யு+00ஏ0-வையும் எடுக்காது. முதல் எழுத்து யு+எஃப்இஎஃப்எஃப்-ஆன்னு பார்த்து நீங்களே வெட்டணும்.