கல்வட்டத்துக்குள் ஓர் ஊர்

அக்கா: 📷 இங்கிலாந்தில் இருக்கிற ஏவ்பரி கல்வட்டத்துக்கு வந்துவிட்டோம். என் பக்கத்தில் இருக்கிற கல்லை நட்டு 4,000 வருடத்துக்கு மேல் ஆகிறது.

பெரியம்மா: தொட்டுக்கொண்டு நிற்கிறாயே, யாரும் திட்டவில்லையா?

அக்கா: இல்லை பெரியம்மா. ஸ்டோன்ஹெஞ்ச் என்கிற இன்னொரு பிரபலமான கல்வட்டத்தில்தான் கயிறு கட்டித் தள்ளி நிறுத்துவார்கள். இங்கே சாய்ந்தே உட்காரலாம். ஆட்டுப் புழுக்கையை மட்டும் பார்த்து நடக்க வேண்டும் 😄

தம்பி: பின்னால் வீடு தெரிகிறதே?

அக்கா: ஊரில் பாதி வட்டத்துக்குள்தான். குறுக்கே தார் ரோடு வேறு. 330 மீட்டர் அகலம், உள்ளே நின்றால் வட்டம் என்றே தெரியாது. சுற்றியிருக்கிற மண் கரைமேல் ஏறினால்தான் புரிகிறது. கரையை ஒட்டி அகழி. இப்போது தூர்ந்துவிட்டது, முதலில் 9 மீட்டர் ஆழமாம். மான் கொம்பால் தோண்டியது!

சித்தப்பா: கல்லெல்லாம் நிற்கிறதா?

அக்கா: எங்கே! வெளி வட்டத்தில் 100 கல் போல இருந்ததாம். 1700களில் ஊர்க்காரர்களே நெருப்பு மூட்டி, கல் சூடேறியதும் தண்ணீர் ஊற்றி, உடைத்து வீடு கட்டிக்கொண்டார்கள். அதற்கும் முன்னால் புதைத்துவிட்ட கற்களை 1930களில் அலெக்சாண்டர் கீலர் தோண்டி நிறுத்தினார். மர்மலேட் (ஆரஞ்சு ஜாம்) வியாபாரக் குடும்பத்துக்காரர். கல் போன இடத்தில் கான்கிரீட் கட்டை வைத்திருக்கிறார்.

சித்தப்பா: 1938ல் ஒரு கல்லுக்கு அடியில் எலும்புக்கூடு கிடைத்ததே, அவர்தானே எடுத்தது? கத்தரிக்கோலும் 1300களின் காசும் கூட இருந்தன.

பெரியம்மா: ஐயோ, கல் விழுந்தா செத்தார்?

சித்தப்பா: அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் அண்ணி. முன்பே இறந்தவரைப் புதைத்திருக்கலாம் என்கிறார்கள் இப்போது.

தம்பி: அக்கா, நான் வரும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதுமா?

அக்கா: போதவே போதாது. வட்டத்தோடு திரும்பினால் பாதிகூடப் பார்த்த மாதிரி இல்லை. தெற்கே இரட்டை வரிசைக் கல் பாதை ஒன்று, 2.5 கிலோமீட்டர். அப்புறம் சில்பரி குன்று. முழுக்க மனிதர் குவித்தது, கிமு 2400 வாக்கில். 1776லிருந்து எத்தனையோ பேர் குடைந்து பார்த்துவிட்டார்கள், புதையலும் இல்லை, பிணமும் இல்லை.

தம்பி: ஏறலாமா?

அக்கா: கூடாது. ஆனால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெஸ்ட் கென்னட் கல்லறை மேட்டுக்குள் போகலாம். கிமு 3650 வாக்கில் கட்டியது. 36 பேருடைய எலும்பாவது இருந்ததாம். நாங்கள் உள்ளே போய்விட்டு இப்போதுதான் வெளியே வந்தோம்.

பெரியம்மா: கல்லறைக்குள்ளா?? தலைக்குக் குளித்துவிட்டு வீட்டுக்குள் போ.

தம்பி: 5,600 வருடத் தீட்டா பெரியம்மா? 😂

அக்கா: சும்மா இருடா. வழியெல்லாம் சேறு, முழங்கால் வரை அப்பியிருக்கிறது. எப்படியும் குளித்தாக வேண்டும்.