ஜப்பானிய கத்தகானா எழுத்து வாசிப்பில் தடுமாறும் மகனுக்கு ஏற்ற பயிற்சி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு ஜெயநகரில் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன், ஜூன் மாதம் முதல் பள்ளியில் ஜப்பானிய மொழி கற்று வருகிறான். அம்மொழியின் ஒலியெழுத்து வகைகளில் ஒன்றான ஹிரகானாவின் 46 அடிப்படை எழுத்துகளையும் தயக்கமின்றி வாசிக்கும் அவன், மற்றொரு ஒலியெழுத்து வகையான கத்தகானாவில் ‘ஷி’யையும் ‘த்சு’வையும், ‘ன்’னையும் ‘சோ’வையும் மாற்றி மாற்றி வாசிக்கிறான். ‘ஷி’, ‘ன்’ இரண்டிலும் கடைசிக் கோடு கீழிருந்து மேலே செல்வதையும், மற்ற இரண்டிலும் மேலிருந்து கீழே இறங்குவதையும் அறிந்திருப்பதால், எழுதும்போது பிழை வருவதில்லை. அச்சில் பார்க்கும்போதுதான் குழப்பம். எழுத்து அட்டைகள், டுவோலிங்கோ செயலி, கட்டம் போட்ட நோட்டில் தினசரிப் பயிற்சி எல்லாம் செய்து பார்த்துவிட்டோம். ஆர்வத்தோடு தொடங்கிய பிள்ளை இப்போது வகுப்பில் வாய்விட்டு வாசிக்கவே தயங்குவது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது. அடுத்த மாதம் கான்ஜி எனும் சீன வழி எழுத்துகள் தொடங்கவிருக்கின்றன. அதற்குள் இந்த நான்கு எழுத்துகளையும் அச்சில் வேறுபடுத்தி வாசிக்க, இந்த வயதுப் பிள்ளைகளுக்கு உண்மையில் பலன் தந்த பயிற்சி எது?