சிங்கப்பூரில் ஐந்து பேர், ஐந்து இரவு: தேக்காவா, வேறு ஏரியாவா?

உறையூர்க்காரி:

வணக்கம். காலாண்டு விடுமுறையில் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறோம், ஐந்து இரவு. நானும் கணவரும், 9 வயது மகன், 2 வயது மகள், மாமியார். அத்தைக்கு 68 வயது. போன வருடம் வலது காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. சமதரையில் நன்றாக நடப்பார். படி என்றால் ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார். சுத்த சைவம். ராத்திரி ஒரு பிடி தயிர்சாதம் சாப்பிட்டால்தான் அவருக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

இந்தப் பயணமே அவருக்காகத்தான். மாமனார் 80களில் ஆறு வருடம் அங்கே கட்டட வேலை பார்த்தவர். அவர் போட்ட கடிதங்களை அத்தை ஒரு பிஸ்கட் டின்னில் இன்னும் வைத்திருக்கிறார். லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலுக்குப் போனதாகப் பல கடிதங்களில் எழுதியிருக்கிறார். அந்தக் கோயிலை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதுதான் அத்தை கேட்டது.

ஆனால் எங்கே தங்குவது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கருத்து. கணவருக்கு மெரினா பே பக்கம் இருந்தால் அலைச்சல் மிச்சம். என் தம்பி, கேலாங்கில் பாதி விலைக்கு ரூம் கிடைக்கிறது என்கிறான். தெரிந்தவர் ஒருவர், ஹோட்டலே வேண்டாம், அடுக்குமாடியில் ஒரு வீட்டையே ஐந்து நாளைக்கு எடுத்துவிடலாம், சமைத்துக்கொள்ளலாம் என்கிறார். தேக்கா என்கிற லிட்டில் இந்தியா இரைச்சலாக இருக்கும் என்றும் சிலர் பயமுறுத்துகிறார்கள். குடும்பத்தோடு தங்கியவர்கள் சொல்லுங்கள்.

இரண்டு பிள்ளை அப்பா:

சகோதரி, நான் செய்த தப்பை நீங்கள் செய்யக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். இரண்டு வருடம் முன் அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். விலையையும் படத்தையும் பார்த்து லிட்டில் இந்தியாவில் ஒரு சின்ன ஹோட்டல் போட்டேன். கீழே கடை, மேலே வீடு என்று கட்டிய பழைய கடைவீட்டை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். ரூம் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. செங்குத்தான மரப்படி. அம்மா நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு ஏறினார்கள். ரூமுக்குள் போனால் ஜன்னலும் இல்லை. திரைச்சீலை தொங்கியது, விலக்கினால் சுவர். விடிந்ததா இல்லையா என்று போனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். பதிவு செய்த பக்கத்தில் 'ஜன்னல் இல்லாத அறை' என்று பொடி எழுத்தில் போட்டுத்தான் இருந்தது, நான் கவனிக்கவில்லை.

ஏரியாவில் குறையே இல்லை. கீழே இறங்கினால் இட்லி. அடுத்த முறையும் அங்கேதான் தங்குவேன், ஆனால் லிஃப்டும் ஜன்னலும் உண்டா என்று எழுத்தில் பதில் வாங்காமல் பணம் கட்ட மாட்டேன்.

தேக்காவாசி:

தங்கச்சி, 22 வருடமாக ஃபேரர் பார்க் பக்கம் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ரூம் பார்த்துக் கொடுப்பது எனக்கு வாடிக்கை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த அடுக்குமாடி யோசனையை விட்டுவிடுங்கள். இங்கே தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது, வீவக வீடு என்றால் ஆறு மாதம். ஐந்து நாளைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது சட்டத்துக்குப் புறம்பு. வயதானவரையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு அந்த வம்பு வேண்டாம்.

கேலாங்கில் விலை குறைவுக்குக் காரணம் உண்டு. இரட்டைப்படை எண் லோரோங்குகளில் (சந்துகளில்) விபச்சார விடுதிகள் இருக்கின்றன. ஒற்றைப்படைப் பக்கம் பரவாயில்லை, சாப்பாடும் பிரமாதம். ஆனாலும் உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன். தேக்காவிலும் டெஸ்கர் ரோடு, ரோவெல் ரோடு பின்சந்துகளை ஒட்டி ரூம் போடாதீர்கள், அதே காரணம்தான்.

மெரினா பே அழகு. ஆனால் இந்த ஊரில் பெரும்பாலான இடங்களுக்கு ரயிலில் அரைமணி, முக்கால் மணிதான். அதனால் பார்க்கப் போகிற இடத்துக்குப் பக்கத்தில் தங்க வேண்டிய கட்டாயமே இல்லை. மதியம் திரும்பி வருவதற்கு எது வசதி என்று பாருங்கள். 12 மணிக்கு மேல் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து ஆளை அடித்துப்போடும், இல்லாவிட்டால் இடியோடு மழை கொட்டும். பாப்பா தூங்க வேண்டும், அத்தை காலை நீட்ட வேண்டும். சாப்பிட்டுவிட்டு ரூமுக்குப் போய் நான்கு மணிக்குத் திரும்பக் கிளம்புகிற குடும்பம் ஐந்தாம் நாளும் சிரித்த முகமாக இருக்கும். முழு நாளும் வெளியே சுற்றியவர்கள் மூன்றாம் நாளே ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கணக்கில் உங்களுக்கு ஃபேரர் பார்க் நிலையத்தை ஒட்டிய பகுதிதான் சரி. பெருமாள் கோயிலுக்கு ஐந்து நிமிட நடை. அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. செந்தோசா தீவுக்கு அதே வடகிழக்குப் பாதையில் ஹார்பர்ஃபிரண்ட், ஆறாவது நிலையம், வண்டி மாற வேண்டாம். கார்டன்ஸ் பை தி பே பூங்காவுக்குப் போக லிட்டில் இந்தியாவில் டவுன்டவுன் பாதைக்கு மாறினால் நான்காவது நிலையம் பேஃபிரண்ட். நிலையங்களில் லிஃப்ட் உண்டு. ஒன் ஃபேரர் என்ற ஹோட்டல் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் மழையிலும் அத்தையை நனையாமல் கூட்டிப்போகலாம். அது கட்டுப்படியாகாவிட்டால் ரோச்சோர், பென்கூலன் நிலையங்களைச் சுற்றிப் பெரிய ஹோட்டல்கள் இருக்கின்றன. தேக்கா அங்கிருந்தும் பக்கம்தான்.

கடைவீடுகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். நிழலாக இருக்கும், மழைக்கும் ஒதுங்கலாம். ஆனால் கடைக்குக் கடை தரைமட்டம் மாறும். நான்கு எட்டு நடந்தால் அரையடி ஏற்றம், அடுத்த கடையில் ஒரு இறக்கம், நடுவில் மூட்டை, ஏணி, பூக்கூடை. மூட்டு மாற்றியவருக்கும் ஸ்ட்ரோலருக்கும் அது தொல்லை. ஆகவே வரைபடத்தில் "நிலையத்திலிருந்து 300 மீட்டர்" என்று இருப்பதை மட்டும் நம்பாமல், அந்த 300 மீட்டர் எப்படி இருக்கிறது என்று கூகுளில் தெருக்காட்சியைத் திறந்து வாசல்வரை பார்த்துவிடுங்கள்.

விலை பார்க்கும்போது '++' என்று இருந்தால் சேவைக் கட்டணம் 10 சதவீதமும் அதற்கு மேல் ஜிஎஸ்டி 9 சதவீதமும் சேரும். 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ரூம் கிட்டத்தட்ட 240 வெள்ளி ஆகிவிடும். ஐந்து பேருக்கு ஒரே ரூம் கிடைப்பது அரிது. இரண்டு ரூம், நடுவில் கதவு உள்ளதாகக் கேளுங்கள். அத்தையும் பேரனும் ஒன்றில். குளியலறையில் தொட்டி இல்லாமல் ஷவர் மட்டும் உள்ளதாகக் கேட்க மறக்காதீர்கள். தொட்டி விளிம்பைத் தாண்டிக் காலெடுத்து வைப்பது அவருக்குக் கஷ்டம்.

அப்புறம், விமான நிலையத்தில் சாதாரண டாக்ஸியில் நான்கு பேர்தான். நீங்கள் ஆறு பேர் வண்டி கேட்க வேண்டும். ஆப்பில் தனியார் கார் பிடித்தால் பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம், டாக்ஸிக்கு அதில் விலக்கு உண்டு. தேதியையும் ஒரு தடவை பாருங்கள். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஃபார்முலா 1 இரவுப் பந்தயம் நடக்கும். அந்த வாரம் ரூம் விலை ஏறும், மெரினா பே பக்கம் சாலைகளை அடைப்பார்கள்.

தயிர்சாதத்துக்குக் கவலை வேண்டாம். 1947 முதல் இருக்கும் கோமள விலாஸ் சிராங்கூன் ரோட்டில்தான். தயிர் வாங்கி வைத்துக்கொள்ளத் தேக்கா சந்தையும் முஸ்தஃபா கடையும் இருக்கின்றன.

உறையூர்க்காரி:

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. பந்தயத் தேதி எங்கள் தேதியோடு இடிக்கவில்லை, பார்த்துவிட்டேன். ஒரே ஒரு கேள்வி. எங்கள் ஐந்து நாளில் ஒரு ஞாயிறு வருகிறது. அன்று தேக்காவில் கூட்டம் தாங்காது, குடும்பத்தோடு போகாதே என்கிறார்களே?

தேக்காவாசி:

கூட்டம் உண்மைதான். மாலையில் நடைபாதை, புல்வெளி எங்கும் ஆட்களாக இருப்பார்கள், ஸ்ட்ரோலர் தள்ள முடியாது. ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. அவர்களில் பெரும்பாலோர் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் வங்காளதேசத்துப் பிள்ளைகளும். வாரம் முழுக்க வெயிலில் வேலை பார்த்துவிட்டு, ஊருக்குப் பணம் அனுப்பவும் கூட்டாளிகளைப் பார்க்கவும் வருகிறார்கள். உங்கள் மாமனாரும் அப்படித்தானே வந்திருப்பார்? பாப்பாவை வீட்டுக்காரரிடம் ரூமில் விட்டுவிட்டு, அத்தையை அன்றைக்கே கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், மாலையில் திறந்ததும் போய்விடுங்கள்.

உறையூர்க்காரி:

இதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "ஞாயித்துக்கிழமையே போலாம்"னு சொன்னார். ஃபேரர் பார்க்கில் இரண்டு ரூமுக்கு மெயில் போட்டுவிட்டேன்: லிஃப்ட், ஜன்னல், நடுக்கதவு, தொட்டியில்லாத குளியலறை. பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.