உரிமை கேட்டபோது "விட்டுக்கொடுங்கள்" என்றார்களா? உங்கள் அனுபவம்

சபை நடத்தும் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்து, கையில் வருவது அதைவிடக் குறைவு. பி.எஃப். பிடித்தார்கள், கணக்கில் ஏறவில்லை. தாளாளரிடம் கேட்டால், "விசுவாசி உரிமை பேசலாமா அம்மா? அப்போஸ்தலர் பவுலே சம்பளம் வாங்காமல்தானே ஊழியம் செய்தார்" என்றார்.

வீட்டுக்கு வந்து வேதத்தில் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 9-ஐ முழுசாக வாசித்தேன். கொரிந்து சபையிடம் பவுல் வாங்கவில்லை, உண்மைதான். ஆனால் வாங்கத் தனக்கு உரிமை உண்டு என்று நிறுவுவதற்கே பாதி அதிகாரத்தைச் செலவழிக்கிறார். போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்ற நியாயப்பிரமாணத்தைக்கூட சாட்சிக்கு இழுக்கிறார். அப்புறம்தான் தன் பங்கை விடுகிறார். வாங்கிய மற்ற அப்போஸ்தலர்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர் விட்டது அவருடையதை. என்னுடையதை விடச்சொல்லத் தாளாளர் யார்? பி.எஃப். அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டேன். சபையில் சிலர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

விழுப்புரம் பக்கத்திலிருந்து:
சகோதரி, என்னிடம் விடச்சொன்னது அரசாங்கம். 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி இந்துக்கள்தான் பட்டியல் சாதி. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்களான நாங்கள் இன்னும் வெளியே. தாத்தா ஞானஸ்நானம் எடுத்தார், எனக்கு பி.சி. சான்றிதழ். எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டபோது நான் நிற்க முடியவில்லை. ஊரில் யாரும் என்னை பி.சி.யாக நடத்தியதும் இல்லை. "பேப்பரில் மட்டும் இந்து என்று போட்டுக்கொள்ளுங்கள்" என்று பலர் யோசனை சொன்னார்கள். மாட்டேன் என்றேன். அது நானாக விட்டது. என் மகளுக்கும் சேர்த்து விட எனக்கு மனசில்லை, அதனால் ஆணையை மாற்றக் கேட்கும் கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறேன். கல்லறைத் தோட்டத்தில் எங்களுக்கு ஓர் ஓரத்தை ஒதுக்கியவர்களே "பரலோகத்தில் பலன் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும்போதுதான் தாங்க முடியவில்லை.

தூத்துக்குடியிலிருந்து:
நான் விட்டுக்கொடுத்தவன். அப்பா போன பிறகு கிணற்றடி நிலத்தைத் தம்பி தன் பேருக்கு மாற்றிக்கொண்டான். வக்கீல் ஜெயிக்கலாம் என்றார். "ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளக்கூடாது" என்று பவுல் கேட்பது நெஞ்சில் நின்றது, கேஸ் போடவில்லை. இன்று தம்பி வீட்டு நல்லது கெட்டதுக்குப் போய்வருகிறேன், அதில் எனக்கு நிம்மதி. ஆனால் எனக்குப் பென்ஷன் இருந்தது. நிலத்தை நம்பியே இருந்த அக்காவின் பங்குக்கு நானே தாலுகா ஆபீஸ் அலைந்தேன்.

நாகர்கோவிலிலிருந்து:
எங்கள் பாட்டிமார் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1829-இல் திருவிதாங்கூர் அரசு நாடார் கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயம் (சட்டை) போதும், தோள்சீலை (தோளில் போடும் மேல்துணி) கூடாது என்றது. அவர்கள் அடங்கிப்போகவில்லை. எதிர்த்தவர்கள் துணியைக் கிழித்தார்கள், ஆலயங்களைக் கொளுத்தினார்கள், அப்படியும் பெண்கள் போட்டார்கள். 1859-இல் மகாராஜா இறங்கி வந்தார், அதிலும் மேல்சாதிப் பெண்களைப்போல அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு. தேவனுடைய பிள்ளை என்று கேட்ட பிறகு அவர்களால் எப்படிக் குனிந்து நிற்க முடியும்?

ஆசிரியை அக்கா, தாளாளரிடம் அப்போஸ்தலர் 16-ஐக் காட்டுங்கள். பிலிப்பியில் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு ரகசியமாக அனுப்பப் பார்த்தபோது, நாங்கள் ரோமக் குடிமக்கள், அதிகாரிகளே வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்று அதே பவுல்தான் சொன்னார். மனு என்ன ஆச்சு என்று எழுதுங்கள்.