துளிர் விட்டபின் வரும் உறைபனி: ஒயின் திராட்சைத் தோட்ட அனுபவங்கள்

பகிர்வு 1

ஒயின் திராட்சைக்குக் கோடை வெப்பமே பெரும்பகை என்று நண்பர்கள் பலர் எழுதியிருக்கிறீர்கள். நான் பணியாற்றிய தோட்டத்தில் கண்டவரை, அதைவிட அஞ்ச வேண்டியது இளவேனிற்கால உறைபனியே. அன்றாடச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. குளிர்காலத்தின் கடைசி வாரங்கள் வெதுவெதுப்பாக அமைந்துவிட்டால் துளிர் முந்திக்கொள்கிறது. உறைபனி இரவுகளோ அதற்கேற்ப முன்கூட்டியே விலகிவிடுவதில்லை. உறங்கும் மொட்டு கடுங்குளிரையும் தாங்கும். விரிந்த இளந்துளிர் சுழியத்துக்குக் கீழே ஓரிரு டிகிரியிலேயே கருகிவிடும். 2021 ஏப்ரலில் பிரான்ஸின் தோட்டங்கள் அவ்வளவு பெரிய இழப்பைச் சந்தித்ததற்கு, மார்ச் இறுதியில் நிலவிய வெப்பம் துளிர்களை முன்னரே வெளிக்கொணர்ந்திருந்ததும் ஒரு முக்கியக் காரணம்.

அத்தகைய ஓர் இரவில் நாங்கள் தெளிப்பான்களைத் திறந்து துளிர்களின்மேல் நீரைத் தெளித்தோம். பனிக்கட்டியால் மூடிக் காப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் துளிரைச் சுழியத்தின் அருகிலேயே நிறுத்திவைக்கிறது. இடையில் நீர் நின்றுபோனால், ஆவியாதல் துளிரின் வெப்பத்தை உறிஞ்சிக் காப்பையே கேடாக்கிவிடும் என்பதால், வெயில் ஏறிப் பனிக்கட்டி உருகும் வரை விடாமல் தெளித்தோம். நீர் எட்டாத வரிசைகளில் துளிர்கள் பழுப்பேறித் தொங்கின. பின்னர் அங்கே துணைமொட்டுகள் (முதன்மை மொட்டு கருகினால் அதன் அருகிலிருந்து முளைக்கும் மாற்று மொட்டுகள்) முளைத்தன. ஆயினும் குலைகள் குறைந்தன, பழம் கனிவதும் பிந்தியது. ஒரே தோட்டத்தில் இருவேறு முதிர்ச்சி இருந்ததால் அறுவடை நாளைக் குறிப்பதே பெரும்பாடாயிற்று.

பகிர்வு 2

இந்த உறைபனிக்குத் தப்ப நாங்கள் கவாத்தை, அதாவது கிளைகளை வெட்டிக் குறைப்பதை, தள்ளிப்போட்டுப் பார்த்தோம். கிளையின் நுனிமொட்டுகளே முதலில் துளிர்ப்பதால், நீளமாக விட்டுவைத்த கிளையின் அடிமொட்டுகள் இன்னும் சில நாட்கள் உறங்குகின்றன. அந்தச் சில நாட்களே விளைச்சலைக் காத்துவிடக்கூடும்.

வெப்பத்தைப் பற்றி எழுதியவர்களையும் நான் மறுக்கவில்லை. இரவும் சூடாக இருந்தால் பழத்துக்குப் புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் விரைந்து குறைகிறது, சர்க்கரை மட்டும் ஏறுகிறது. பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்தில் உள்ள போன் நகரில் 1354 முதல் தொகுக்கப்பட்ட அறுவடை நாட்களை நோக்கினால், 1988-க்குப் பின் அறுவடை சராசரியாக 13 நாட்கள் முந்தியிருக்கிறது. துளிரும் அவ்வாறே முந்தும்போது, இடத்தின் தேர்வு முன்னைவிட முக்கியமாகிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே எங்கள் தோட்டத்தின் தாழ்வான பகுதியில் முந்தித் துளிர்க்கும் சார்டொனே என்ற வெள்ளை ஒயின் திராட்சை வகையை இனி நடுவதில்லை என்று முடிவெடுத்து, மேற்சரிவுக்கு மாற்றிவிட்டோம்.